சேர்மன் சாரின் சம்பளமும் ஜீப்பில் என் இடமும்

இன்று காலை பாயசத்துக்கு ஏலக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். விசேஷம் ஒன்றும் இல்லை. பால் மிஞ்சிப் போயிருந்தது, அவ்வளவுதான். அடுப்படி வாசலில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்த மீனா, "சித்தி, ஒங்க சேர்மனுக்குக் கடைசி வருசம் எம்புட்டுச் சம்பளம்னு போட்டுருக்கான்" என்றாள்.

"எம்புட்டு?"

சொன்னாள். நான் விதையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் ஒதுக்கினேன். போடிநாயக்கனூர்ப் பக்கம் யாரும் ஏலக்காய்த் தோலை எறிய மாட்டோம், டீத்தூள் டப்பாவில் போட்டு வைப்போம். விளைகிற இடத்துக்காரர்கள் கை தாராளமாக இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அட போங்கள், மலையில் ஒவ்வொரு காயாகக் குனிந்து எடுத்தவளுக்குத்தான் தோலின் அருமையும் தெரியும்.

மீனா என் அக்கா மகள். ஏலக்கூடத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். சேர்மன் என்று அவள் சொன்னது, நான் இருபது வருடம் வேலை பார்த்த இன்சூரன்ஸ் கம்பெனியின் சேர்மனை. நெடுங்காலம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றார். அந்தப் பெரிய மனிதர் வாங்குகிற சம்பளத்தைப் பற்றி உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அவர் எங்கள் போடி கிளைக்கு ஆபீசராக வந்த காலத்தில் அவருடைய சம்பளச் சீட்டை மாதாமாதம் அடித்துக் கொடுத்தவள் நான். அந்தச் சம்பளம் மூன்றாவது வாரத்தோடு தீர்ந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். "சம்பளம் வரட்டும்மா, குடுத்துடறேன்" என்று சொல்லி என்னிடம் டீக்குக் காசு வாங்கியிருக்கிறார். திருப்பியும் கொடுத்துவிடுவார். அதில் நாணயமானவர்.

எங்கள் ஆபீஸ் ஒரு ஏலக்காய்க் குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது. ஏலம் நடக்கிற நாட்களில் கீழே மூட்டை பிரிப்பார்கள். அந்த வாசம் படியேறி வந்து பைல், நாற்காலி, குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றிலும் இறங்கிவிடும். சென்னை ஆபீசில் தபால் பிரிக்கிற பெண், கவரைக் கையில் எடுத்ததுமே போடியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாளாம். ஒருமுறை அவள் போனில், "அடுத்த கவர்ல ரெண்டு காயையும் போட்டு அனுப்புங்களேன்" என்று கேட்டாள். போட்டோம். ஆபீசர் அந்தக் கடிதத்தின் அடியில் 'இணைப்பு: ஏலக்காய் இரண்டு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்படி ஒரு விளையாட்டுப் புத்தி அவரிடம் உண்டு.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயலும் வாய்க்காலுமாகத் தட்டையான ஊரில் வளர்ந்தவருக்கு மலை என்றால் உதறல். அடிவாரத்து முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் ஜீப் திரும்பும்போதே கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு தடவை மலை ஏறினார். அந்தச் சமயத்தில் தோட்டத்துக்காரர்களிடம் பேசி, வேலைக்கு வருகிற பெண்களுக்கு விபத்துக் காப்பீடு எடுக்க வைத்துக்கொண்டிருந்தார். குரூப் பாலிசி என்பார். பிரீமியம் தோட்டம் கட்டிவிடும். யாருக்காவது ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் வரும். அதுவரை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி. அவர் கம்பெனியில் மேலே வந்ததற்கு முதல் படி அந்தப் பாலிசிதான். எனக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

நானும் அப்போது காயெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சிலமலை. விடியுமுன்னே தோட்டத்து ஜீப் வந்து நிற்கும். பன்னிரண்டாவது முடித்து, போடியில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்விட்டு, வேலை கிடைக்காமல் ஜீப்பில் ஏறியவள் நான். ஒருநாள் பூப்பாறைக்கு அங்கிட்டு எங்கள் தோட்டத்தில், மத்தியானச் சோற்று நேரத்தில் ஆபீசர் வந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் பெயர்கள் பிடிபடவில்லை. ஒச்சம்மா என்றால் பச்சையம்மா என்று எழுதுகிறார். பார்க்கச் சகிக்காமல், "கொண்டாங்க சார், நான் எழுதுறேன்" என்று வாங்கி எழுதிக் கொடுத்தேன். என் பெயரையும் நானேதான் எழுதினேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஏம்மா இங்க இருக்கே? ஆபீசுக்கு வந்துடு" என்றார். அடுத்த மாதம் போய்விட்டேன்.

இந்த இடத்தில் ஜீப்பைப் பற்றி ஒரு சமாச்சாரம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது.

தோட்டத்து ஜீப்பில் உட்காருகிற இடம் ஒவ்வொன்றும் ஒரு பெயருக்குச் சொந்தம். முதலில் எந்தப் பெண்ணைக் கங்காணி சேர்த்தாரோ அவளுடைய பெயர். அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போனாலும், பிள்ளை பெற்றுப் படுத்தாலும், அந்த இடத்தில் அவள் தங்கச்சியோ மகளோ போய் உட்கார்ந்துகொள்வாள். புதுப் பெயர் சேர்க்க வேண்டுமென்றால் மேலே தோட்டத்தில் கேட்க வேண்டும். அவர்கள் இழுத்தடிப்பார்கள், அதற்குள் இடம் வேறு ஊர்க்காரிக்குப் போய்விடும். அதனால் ஆள் மாறும், பெயர் மாறாது. காலையில் கங்காணி பெயர் கூப்பிடுவார், யார் உட்கார்ந்திருக்கிறாளோ அவள் "இருக்கேன்" என்பாள். எங்கள் ஜீப்பில் ஒரு மருமகள் மாமியாரின் இடத்தில் வந்தாள். மாமியார் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், தினமும் அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல வேண்டும். கங்காணி கூப்பிட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு "ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பாள். ஜீப்பே குலுங்கிச் சிரிக்கும்.

நான் ஆபீசுக்குப் போனதும் என் இடத்தில் அக்கா ஏறிக்கொண்டாள். அக்கா பெயர் சுருளியம்மாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். கைப்பிள்ளையோடு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். அந்தக் கைப்பிள்ளைதான் மீனா. அம்மா முன்னாலேயே போய்விட்டதால் பகலில் பிள்ளையை அப்பா பார்த்துக்கொள்வார். அக்கா மலைக்குப் போவாள், என் பெயரில்.

ஒருநாள் ஆபீசர் அந்த ஜீப்பிலேயே மலை ஏறினார். அன்று நடந்ததை அன்று சாயங்காலம் ஆபீசில் அவரே என்னிடம் சொன்னார், வீட்டில் அக்காவும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது. வளைவில் அவருக்கு வாந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா மடியிலிருந்து ஏலக்காய் எடுத்து, "வாயில ரெண்டு காயப் போட்டு அடக்கிக்கங்க சாரு, கீழ பாக்காதீக" என்று கொடுத்திருக்கிறாள். வாந்தி நின்றதும் அவர் மரியாதைக்குப் பெயர் கேட்டிருக்கிறார். முன் சீட்டில் கங்காணி இருந்ததால் அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள்.

"அது என் ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு பேராச்சே!"

"ஆபீசுல அவ, மலையில நானு. பேரு ஒண்ணுதேன் சாரு, வவுறு ரெண்டுல்ல."

அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "உங்க அக்கா பெரிய ஆளும்மா" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. அக்கா அப்படித்தான், வாய்த் துடுக்கு. நான் ஊமைக்கோட்டான் என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

வருடம் முடிந்து பாலிசியைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. பெயர்களை நான்தான் அடித்தேன். என் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு, "சார், இதுல என் பேரை எடுத்துட்டு அக்கா பேரைப் போட்டுரலாமா?" என்று கேட்டேன். ஆபீசர் தலையை நிமிர்த்தவில்லை. "அதுக்குத் தோட்டத்துல லெட்டர் வாங்கணும்மா. தோட்டத்து மஸ்டர் ரிஜிஸ்டர்ல ஒரு பேரு, பாலிசில ஒரு பேருன்னா மேல கேப்பாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." சரி என்று அடித்து முடித்தேன். அன்று வேறு என்ன பேசினோம் என்று ஞாபகம் இல்லை. வெளியே தூறல் இருந்தது.

அந்த மழைக்காலத்திலேயே ஜீப் விழுந்தது.

காலையில் ஆபீசைத் திறந்து நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் எதிர் மேஜையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர், மலையாளத்துக்காரர். "ஜீப்பு மறிஞ்ஞு. ரெண்டு பெண்ணுங்க போயி, கேட்டோ. பேரு சொல்றேன், எழுதிக்கோ" என்றார். முதலில் வீருத்தாய் என்றார். எழுதினேன். இரண்டாவது என் பெயரைச் சொன்னார். அதையும் எழுதினேன். எழுதிவிட்டு, "இனிஷியல்?" என்று கேட்டேன். அவர் சொன்னார். என் அப்பா பெயரின் முதல் எழுத்து. "சரி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பல் பிடுங்குவதற்கு முன் ஈறில் ஊசி போடுவார்கள் பாருங்கள். கன்னம் இருப்பதும் தெரியும், கடித்தால் வலிக்காததும் தெரியும். அப்படி இருந்தது. துடைத்துக்கொண்டிருந்த மேஜையில் பாதி மிச்சம் இருந்தது, அதையும் துடைத்து முடித்தேன். ஆபீசர் வந்து நான் எழுதியதை எட்டிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன். இட்லியை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அப்பா மீனாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அங்கே நான் அழவில்லை. அதற்குப் பிறகும் அழுததாக ஞாபகம் இல்லை. ஊரில் இதைப் பற்றிப் பேசினார்கள், பேசட்டும்.

வீருத்தாய் வீட்டுக்குப் பணம் சீக்கிரமே வந்துவிட்டது. ஆபீசர் அலையாய் அலைந்து வாங்கிக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் அவள் மகன் படித்தான். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பாலிசியில் இருந்த பெயர் என்னுடையது, நான் உயிரோடு இருந்தேன். செத்துப் போனவள் அக்கா, அவள் பெயர் பாலிசியில் இல்லை. ஜீப்பின் இன்சூரன்ஸ் தனி. சொந்த உபயோகத்துக்கு என்று எழுதிய வண்டியில் தோட்டத்து ஆட்களை ஏற்றினார்கள் என்று அந்தக் கேசும் நொண்டியடித்து நின்றுபோனது. தோட்டத்தில் கேட்டதற்கு, எங்கள் மஸ்டரில் அப்படி ஒரு ஆளே இல்லையே என்றார்கள். ஆக, மீனாவுக்கு ஏதாவது வருமா வராதா என்பது ஆபீசர் எழுதுகிற ரிப்போர்ட்டில்தான் இருந்தது. ஜீப்பில் அந்த இடத்தில் அக்காதான் போகிறாள் என்பது தனக்கு முன்பே தெரியும் என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும். பாலிசி போட்டவர் தெரிந்தேதான் போட்டார் என்றால், மேலே யோசிப்பார்கள். அவர் வேலைக்கு அதனால் ஏதாவது வந்தாலும் வரும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னோம். ஒரு கவரை அப்பா கையில் கொடுத்து, "இது கம்பெனிப் பணம் இல்லீங்க, என் சம்பளத்துலேருந்து" என்றார். அந்த மாதம் நான் அடித்த சீட்டுத்தானே, அதில் பாதிக்கு மேல் அந்தக் கவரில் இருந்திருக்கும். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் ரிப்போர்ட் அனுப்பிட்டேன். பாலிசில பேரு இருக்கிற பொண்ணு உசிரோட இருக்கா, அதனால க்ளெய்ம் இல்லைன்னு எழுதிட்டேன். எனக்கு வேற வழி தெரியலை."

"அக்கா ஜீப்புல போனது ஒங்களுக்குத் தெரியும்னு எழுதினீகளா சார்?" என்று கேட்டேன். அவர் அப்பா கையிலிருந்த கவரையே பார்த்தார்.

அப்பா அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "வேலைக்குப் போகையில இவ பேரு போதும்னீக. செத்ததுக்குப் பெறகு மட்டும் அவ பேரு வேணுமா சாரு?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, சந்தையில் விலை கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆபீசர் எழுந்து கைகூப்பிவிட்டுப் போனார். மீனா அவர் கழற்றி விட்ட செருப்பில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். அவள் காலிலிருந்து அதை வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் நான் வேலைக்குப் போனேன். போகாமல் எங்கே போவது? என் சம்பளத்தில்தான் இனி மூன்று வயிறு.

அந்த ரிப்போர்ட்டுக்கு மேலே நல்ல பெயர். தன் ஆபீசில் வேலை பார்க்கிற பெண்ணின் குடும்பம் என்றும் பார்க்காமல், இல்லாத க்ளெய்மைத் தானே நிறுத்தினார் என்று சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. தபாலைப் பிரித்து அவர் மேஜையில் வைத்ததும் நான்தான். கொஞ்ச நாளில் மதுரைக்குப் பதவி உயர்வு. வழியனுப்புகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னை பெர்மனன்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன்" என்றார். எழுதியும் இருந்தார். அந்த வேலையில்தான் மீனாவைப் படிக்க வைத்தேன். இரண்டு தீபாவளிக்கு மீனாவுக்குக் கவுன் அனுப்பினார். மூன்றாவது தீபாவளிக்கு அவர் சென்னைக்குப் போய்விட்டார். மறந்திருப்பார், மனுஷன்தானே. எனக்கு அவர்மேல் கோபம் உண்டா என்று மீனா இப்போது கேட்கிறாள். தேடிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஏறின ஏற்றம் ஊருக்கே தெரியும். சென்னையில் ஒரு பிரிவுக்குத் தலைவர், பிறகு மொத்தக் கம்பெனிக்கும் இயக்குநர், பிறகு சேர்மன். கம்பெனியும் அவரோடு சேர்ந்து வளர்ந்தது, அதையும் சொல்ல வேண்டும். வருடா வருடம் வழவழவென்று ஒரு ஆண்டறிக்கை வரும். முதல் பக்கத்தில் அவர் படம். முடி நரைக்க நரைக்கச் சட்டை மட்டும் இன்னும் வெள்ளையாகிக்கொண்டே போனது. பின்னால் ஒரு பக்கத்தில் அவர் சம்பளம் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. போடியில் வாங்கினதைவிடக் குறைவாக, சின்னத் தொகையாகப் போட்டிருந்தது. இவ்வளவு பெரிய பதவி கொடுத்துவிட்டு இப்படியா என்று, கிளை மேனேஜரிடமே போய், "பாவம் சார், அவருக்கு ஏன் சம்பளத்தைக் குறைச்சுட்டாங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பக்கத்தின் மேல் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். 'தொகை லட்சத்தில்' என்று பொடி எழுத்தில் இருந்தது. அன்று முழுக்க ஆபீசே என்னைச் சொல்லிச் சிரித்தது. சேர்மனுக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஊழியர் என்று பட்டம் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் வருடா வருடம் அந்தப் பக்கத்தைப் பார்ப்பது ஒரு பழக்கம் ஆகிவிட்டது. சம்பளம், அதற்கு மேல் ஊக்கத்தொகை, அதற்கு மேல் பங்கு, வீடு, கார். பார்ப்பேன், மூடிவிடுவேன். வயிறெரிந்ததா என்றால் இல்லை. மலை உச்சியில் யார் வீட்டு விளக்கோ எரிகிறது என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். மீனாவுக்கு வந்திருக்க வேண்டிய தொகை அவருடைய எத்தனை நாள் சம்பளம் என்று ஒருமுறை கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் விட்டுவிட்டேன், அடுப்பில் பால் பொங்கியது.

அவர் கதை சொல்வதில் கெட்டிக்காரர் என்று சொன்னேனா? மதுரையில் நடந்த வருடாந்தரக் கூட்டத்துக்குக் கிளைகளிலிருந்து எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் அவர், "நான் போடில இருந்தப்போ ஒரு க்ளெய்ம் வந்தது. செத்துப்போன பொண்ணு யாருன்னு பாத்தா, எதிர் டேபிள்ல உக்காந்து எனக்குச் சம்பளச் சீட்டு அடிச்சிண்டிருக்கா!" என்றார். கூட்டம் வெடித்துச் சிரித்தது. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குக் கவனமாக இருக்கக் கற்றுக்கொடுக்கிற கதை அது. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஒரு வருடம் அந்தப் பெண் தன் க்ளெய்மைத் தானே டைப் அடித்தாள். இன்னொரு வருடம் "என் பணம் எப்ப சார் வரும்?" என்று கேட்டாள். நான் பின் வரிசையில் இருந்து கேட்டேன். சிரிக்கவும் செய்தேன். எல்லோரும் சிரிக்கும்போது முகம் தானாகவே அப்படிப் போய்விடுகிறது. அந்தக் கதை மீனா காதில் விழாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். ஜீப்பில் அவள் அம்மா செத்துப் போனது அவளுக்குத் தெரியும். பெயர் விவகாரமும் ரிப்போர்ட்டும் தெரியாது. அப்பாவும் சொல்லவில்லை.

போடி கிளையை மூடியபோது எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். அந்த உத்தரவில் இருந்ததும் அவர் கையெழுத்துத்தான். அச்சில் இருந்தது, பேனாவில் இல்லை.

போன மாதம் அவருக்கு வழியனுப்பு விழா, மதுரையில் பெரிய ஓட்டலில். அவர் வேலை பார்த்த ஊர்களின் பழைய ஆட்களையெல்லாம் பிரியப்பட்டு அழைத்திருந்தார். முழங்கால் வலியோடு தனியாகப் போக முடியாமல் மீனாவைக் கூட்டிப் போனேன். இத்தனை வருடம் கழித்துப் பழைய கதையை யார் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். கடைசிப் பேச்சில் அவர் அதைத்தான் சொன்னார். இந்தத் தடவை இன்னும் நன்றாக இருந்தது. மலை, மூடுபனி, போன் மணி எல்லாம் வைத்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர், "அந்தப் பொண்ணு இன்னிக்கு இங்கதான் இருக்கா, மேல வாம்மா" என்று என் பெயரைச் சொன்னதும், "சித்தி, அது நீங்களா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளேதான் என்னைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப் போனாள்.

சால்வை போர்த்தினார். வயதாகிவிட்டிருந்தது. "நல்லா இருக்கியாம்மா?" என்றார். நிஜமான பிரியத்தோடுதான் கேட்டார். மீனாவைப் பார்த்து, "இது உன் பொண்ணா?" என்றார்.

"அக்கா மக சார்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம். அக்கா எப்படி இருக்காங்க? அவங்களையும் கூட்டிண்டு வந்திருக்கலாமே."

அவர் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கதையை அத்தனை வருடம் சொல்லிச் சொல்லி, கதையில் இருந்த ஜீப் காலியாகிவிட்டிருக்கிறது. யாரும் சாகாத ஒரு விபத்தாக அது அவர் மனதில் தங்கிவிட்டது.

"வரல சார்" என்றேன். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார். பார்த்தோம்.

திரும்பி வருகையில் பஸ்சில் மீனா அந்தச் சால்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். உசிலம்பட்டி தாண்டியது, ஆண்டிபட்டிக் கணவாயும் வந்தது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சித்தி, அந்தக் கதையில ஜீப்பு விழுந்துச்சுல்ல. அதுக்குள்ள இருந்தது எங்கம்மாதானே?" என்று கேட்டாள்.

"ஆமா."

கணவாய் இறங்கியதும், "நான் சிரிச்சுட்டேனே சித்தி" என்றாள்.

"எல்லாரும்தேன் சிரிச்சாக" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. எனக்கு வரவில்லை. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தேன், மூன்று வயதில் தட்டிக்கொடுத்த மாதிரியே.

ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை. எங்கள் ஜீப் வருவது நின்று வருடக்கணக்காகிறது. அந்தத் தோட்டத்தில் வடக்கேயிருந்து வந்தவர்கள் மேலேயே தங்கிக் காயெடுக்கிறார்கள். அக்காவோடு மலைக்குப் போன பெண்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் இருக்கிறார்கள். சந்தையில் பார்த்தால் நின்று பேசுவார்கள். "அன்னைக்குக் காலையில கூட எம்புட்டுச் சிரிப்புக் காட்டிக்கிட்டு வந்தா தெரியுமா" என்று சொல்லும்போது, அக்காவை என் பெயரால்தான் சொல்வார்கள். என்னிடமே சொல்வார்கள். மலையில் அவர்களுக்கு அவள் அந்தப் பெயர்தானே. நான் திருத்துவதில்லை. எனக்கும் அவள் என்றைக்கும் அக்காதான், மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா வளர்ந்தோம்? சுருளி என்று அவளைக் கூப்பிட்டவர்கள் ஊரில் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக மிச்சம் இருந்தவர் அப்பா. அவரும் போன ஆவணியில் போய்விட்டார்.